சிக்னல் இல்லாத மலையிலும் ஓடும் பைத்தான்!

பிளஸ் டூ கணினி அறிவியல் பாடப்புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் 'பைத்தான்' என்ற பெயர் வரும். 2019-20 கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது தமிழக அரசுப் பள்ளிகளுக்குள் நுழைந்த கணினி மொழி இது. அதே 2019-ல், நவம்பர் 26 அன்றுதான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மாவட்டத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது!

பெயரைக் கேட்டதும் மலைப்பாம்பு நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆனால், பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்த மொழியை எழுத ஆரம்பித்தார். 1991-ல் வெளியிட்டார். அவருக்குப் பிடித்த 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் பெயரையே மொழிக்கும் வைத்துவிட்டார். அவ்வளவுதான் பெயர்க் காரணம்.

இன்று வங்கி, மருத்துவமனை, விண்வெளி ஆராய்ச்சி, செயற்கை நுண்ணறிவு என எல்லா இடத்திலும் பைத்தான் இருக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால், தேர்வு முடிந்ததும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை மறுபடி தொடுகிறார்கள்? அரிவாளைப் பற்றி நூறு மதிப்பெண்ணுக்குக் கட்டுரை எழுதலாம். கரும்பு வெட்டப் பழக வேண்டுமென்றால் தோட்டத்தில்தான் இறங்க வேண்டும். பைத்தானும் அப்படித்தான்.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொஞ்சம் கடினம். வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு, தொரடிப்பட்டு என்று சிதறிக்கிடக்கும் ஊர்கள். வந்து வந்து போகும் செல்போன் சிக்னல். பல குடும்பங்களில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை. 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளால் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடு முழுக்கப் போனது. அதன் பிறகு, கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை, பேருந்து, மருத்துவம் எல்லாம் அரசு தர வேண்டியவை. அவை வரும்வரை காத்திருக்காமல், இருப்பதை வைத்துக் கற்றுக்கொள்ளும் சில வழிகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நெட் இல்லாமலே பாதி வேலை

பைத்தான் கற்க எப்போதும் இன்டர்நெட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவுவதற்கு ஒரே ஒருமுறை போதும். கள்ளக்குறிச்சி டவுனுக்கு வரும்போது, நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் மூன்று விஷயங்களை பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பைத்தான் நிறுவும் கோப்பு. அதோடு 'தானி' என்ற எடிட்டரையும் சேர்த்துக்கொள்ளலாம். எஸ்டோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கற்பவர்களுக்காகவே உருவானது இது. நிரலின் ஒவ்வொரு வரியும் ஓடும்போது எந்தப் பெயரில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதைப் பக்கத்திலேயே காட்டும். கரும்பலகையில் ஆசிரியர் படிப்படியாகப் போட்டுக் காட்டுவது போல இருக்கும்.

இரண்டாவது, பைத்தானின் அதிகாரபூர்வக் கையேடு. இதை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். இது தவிர, பைத்தானுக்குள்ளேயே 'ஹெல்ப்' என்றொரு கட்டளை உண்டு. அடைப்புக்குறிக்குள் எந்தக் கருவியின் பெயரைக் கொடுத்தாலும் அதன் விளக்கம் திரையில் வரும். இதற்கு நெட் தேவையே இல்லை. ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால், தினம் ஒரு விளக்கம் என்று படித்தால் ஆங்கிலமும் கூடவே வரும்.

மூன்றாவது, கூடுதல் நூலகங்கள். பைத்தானில் மற்றவர்கள் எழுதி வைத்த பல லட்சம் கருவித் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இறக்கும் கருவியின் பெயர் 'பிப்'. வழக்கமாக 'பிப் இன்ஸ்டால்' என்று கொடுப்பார்கள். அதற்கு நெட் வேண்டும். 'பிப் டவுன்லோட்' என்று கொடுத்தால், அந்தத் தொகுப்பும் அதற்குத் தேவையான துணைத் தொகுப்புகளும் ஒரு ஃபோல்டரில் வந்து சேரும். மலைக்கு எடுத்துப்போய், 'இணையத்தில் தேடாதே, இந்த ஃபோல்டரில் தேடு' என்று பிப்புக்குச் சொல்லி நிறுவிக்கொள்ளலாம். இறக்கும் கணினியும் நிறுவும் கணினியும் ஒரே இயங்குதளம், ஒரே பைத்தான் பதிப்பு என்று இருந்தால் சிக்கல் வராது. தொகுப்பின் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பிரபலமான தொகுப்பின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, தீங்கு செய்யும் போலிகளைப் போட்டு வைக்கும் ஆட்கள் உண்டு.

ஒருவரிடம் இப்படிச் சேர்ந்த கோப்புகளை நண்பர்களுக்கும் நெட் இல்லாமலே தரலாம். பைத்தானோடு 'ஹெச்டிடிபி சர்வர்' என்ற குட்டிக் கருவி வருகிறது. ஒரு செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு எல்லோரும் இணைந்துகொள்ளுங்கள். டேட்டா தேவையில்லை. லேப்டாப்பில், பகிர வேண்டிய ஃபோல்டருக்குள் போய் இந்தக் கருவியை ஓடவிடுங்கள். மற்றவர்கள் தங்கள் பிரவுசரில் அந்த லேப்டாப்பின் ஐபி எண்ணையும், அதன் பின் முக்காற்புள்ளி போட்டு 8000 என்பதையும் தட்டினால் கோப்புகள் வரிசையாகத் தெரியும். அந்த ஃபோல்டருக்குள் இருப்பது எல்லாமே மற்றவர்களுக்குத் தெரியும் என்பதால், சொந்தப் படங்களும் ஆவணங்களும் இல்லாத தனி ஃபோல்டரை வைத்துக்கொள்வது நல்லது. தெரிந்தவர்களுக்குள் மட்டும் பகிருங்கள். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

லேப்டாப்பே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் 'பைட்ராய்டு 3' என்ற செயலியை நிறுவினால், நெட் இல்லாமலே பைத்தான் நிரல் எழுதி ஓட்டலாம். சின்னத் திரையில் நீளமான நிரல் எழுதுவது கண்ணுக்குக் கஷ்டம்தான். ஆனால், பாடப்புத்தகத்தில் உள்ள அளவுக்கான நிரல்களுக்கு அது போதும்.

பரணில் கிடக்கும் லேப்டாப்

2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியது வீட்டில் எங்காவது கிடக்கலாம். தூசி தட்டி எடுங்கள். அதில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தானின் 3.8 பதிப்புவரைதான் ஓடும். அதற்கு மேற்பட்டவை அந்த விண்டோஸில் நிறுவ முடியாது. 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-ல் நின்றுவிட்டன.

வழி இருக்கிறது. எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டுவிட்டால் பழைய இயந்திரம்கூட மறுபடி ஓடும். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் பைத்தான் ஏற்கெனவே இருக்கும். இதுவும் இலவசம்தான். பழைய படங்கள், ஆவணங்கள் இருந்தால் முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பிழைச் செய்தியைக் கீழிருந்து படியுங்கள்

நிரல் எழுதினால் பிழை வரும். இருபது வருட அனுபவசாலிக்கும் வரும். புதியவர்கள் பயந்து போவது, சிவப்பு நிறத்தில் பத்து வரி ஆங்கிலம் கொட்டும்போதுதான். அதைப் படிக்க ஒரு முறை உண்டு: கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்பது அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்ற விவரம் இருக்கும். 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பிலிருந்து, வரியில் எந்த இடத்தில் தவறு என்பதையே அடியில் குறியிட்டுக் காட்டுகிறது.

தவறு எங்கே என்று பிடிபடவில்லையா? சந்தேகப்படும் இடத்துக்கு முன்னால் 'பிரேக்பாயின்ட்' என்ற கட்டளையைப் போடுங்கள். நிரல் அந்த இடத்தில் நின்றுவிடும். அப்போது ஒவ்வொரு பெயரிலும் என்ன மதிப்பு இருக்கிறது என்று நீங்களே கேட்டுப் பார்க்கலாம். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக நகர்த்தவும் செய்யலாம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் எந்த இடத்தில் குழாய் அடைத்திருக்கிறது என்று ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்ப்போம் இல்லையா? அதே வேலைதான்.

இப்போதெல்லாம் சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் முழு நிரலையும் எழுதித் தந்துவிடும். கேட்கலாம், தவறில்லை. ஆனால், 'நிரலை எழுதிக்கொடு' என்று கேட்பதைவிட 'இந்தப் பிழைக்கு என்ன அர்த்தம்' என்று கேட்டுப் பழகினால் கை தேறும். அது தந்த பதிலையும் ஓட்டிப் பார்த்து, தெரிந்த விடையோடு ஒப்பிட்ட பிறகே நம்ப வேண்டும்.

குச்சிக்கிழங்குக் கணக்கு

ஓட்டிப் பார்க்க நல்ல கணக்கு வேண்டும். பாடப்புத்தகத்தில் இருப்பது ஃபிபனாச்சி எண்கள். நம் காட்டில் இருப்பது குச்சிக்கிழங்கு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் விளையும் மரவள்ளி சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று பார்த்து, 'பாயின்ட்' கணக்கில் விலை வைக்கிறார்கள். எடையும் பாயின்ட்டும் விலையும் சேர்ந்த இந்தக் கணக்கில் சின்னப் பிசகு வந்தாலும் விவசாயிக்கு நஷ்டம்.

உதாரணத்துக்கு, ஒரு டன்னுக்கு ஒரு பாயின்ட் 350 ரூபாய் என்றும், கிழங்கு 28 பாயின்ட் என்றும், லோடு 6.5 டன் என்றும் வைத்துக்கொள்வோம். பைத்தானில் இப்படி எழுதலாம்:

பாயின்ட் = 28
பாயின்ட்_விலை = 350
டன் = 6.5
தொகை = பாயின்ட் * பாயின்ட்_விலை * டன்

இது விளக்கத்துக்காகத் தமிழில் எழுதியது என்று நினைத்தால், கணினியில் அப்படியே அடித்துப் பாருங்கள். ஓடும்! 2008-ல் வந்த பைத்தான் 3 முதல், மதிப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அடுத்த வரியில் 'தொகை' என்று மட்டும் தட்டினால் 63700.0 என்று வரும். ஊர்க் கணக்கை ஊர்ப் பெயரிலேயே எழுதும்போது, அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கலாம். பள்ளியிலோ வேலையிலோ மற்றவர்களோடு சேர்ந்து எழுதும்போது ஆங்கிலப் பெயர்களே வழக்கம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வியப்பு. '௨௫' என்று தமிழ் எண்ணில் எழுதி, அதை மேற்கோள் குறிக்குள் வைத்து 'இன்ட்' என்ற கட்டளைக்குக் கொடுத்தால், பைத்தான் 25 என்று புரிந்துகொள்ளும். பழைய பத்திரங்களில் தமிழ் எண்களைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு இது பிடிக்கும்.

பணக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. 0.1 + 0.2 என்று கேட்டால் 0.3 என்று வராது. 0.30000000000000004 என்று வரும்! பைத்தான் கணக்கில் மக்கு என்று அர்த்தமில்லை. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளில் சேமிக்கிறது. நம் பத்தில் ஒன்றை அதில் துல்லியமாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவது போலத்தான். ஆயிரம் பேர் கணக்கைக் கூட்டும்போது இந்தத் துளிகள் சேர்ந்து பைசாவில் இடிக்கும். இதற்கு பைத்தானோடு வரும் 'டெசிமல்' என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுப்பது முக்கியம். இல்லையென்றால், கொடுக்கும்போதே அந்தப் பிசகும் உள்ளே போய்விடும். எளிய வழி ஒன்றும் உண்டு: ரூபாயை எல்லாம் பைசாவாக்கி, முழு எண்களாகவே கணக்கிடுங்கள்.

அடுத்த பழக்கம், தெரிந்த விடையை வைத்துச் சோதிப்பது. 28 பாயின்ட், 350 ரூபாய், ஒரு டன் என்றால் விடை 9,800 என்று நமக்கே தெரியும். 'அசெர்ட்' என்ற சொல்லைப் போட்டு இந்த விடையை நிரலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். நாளைக்கு நிரலை மாற்றும்போது கணக்கு எங்காவது பிசகினால் அது உடனே நிறுத்திச் சொல்லும்.

தமிழ் என்று வந்தால்...

கணக்கைவிடப் பெரிய சிக்கல் பெயர்களில் இருக்கிறது. ஒரு சோதனை. 'கள்ளக்குறிச்சி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? க, ள், ள, க், கு, றி, ச், சி. எட்டு. பைத்தானிடம் கேட்டால் 14 என்று சொல்லும்!

காரணம், கணினி உலகின் பொது எழுத்துமுறையான யூனிகோடில் 'கு' என்பது 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாக இருக்கிறது. புள்ளியும் தனியாக எண்ணப்படும். 'ஊர்ப் பெயர் 10 எழுத்துக்குள்' என்று ஒரு படிவத்தில் வரம்பு வைத்தால், எட்டு எழுத்துப் பெயர் தாராளமாக அடங்க வேண்டும். ஆனால், கணினி பத்தோடு வெட்டும்போது மிஞ்சுவது 'கள்ளக்குறி'. மாவட்டத்தின் வாலே போய்விடும்.

அடுத்தது, தொரடிப்பட்டு. முதல் எழுத்தான 'தொ'வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். 'த'வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று எனத் தனித்தனியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால், பைத்தான் இரண்டையும் ஒப்பிட்டு 'வேறு வேறு' என்று சொல்லும். ஒரு பட்டியலில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்தால், தேடும்போது 'அப்படி ஒரு ஊரே இல்லை' என்று பதில் வரும். பைத்தானோடு வரும் 'யூனிகோட்டேட்டா' என்ற கருவியில் 'நார்மலைஸ்' என்ற வசதி இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பட்டியலையும் அதில் ஒருமுறை போட்டு எடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். இரண்டே வரி வேலை.

மூன்றாவது, அகர வரிசை. பவுனம்மாள், பழனியம்மாள், பனிமலர் என்று மூன்று பெயர். நம் வரிசையில் வ, ழ, ள, ற, ன என்றுதான் வரும். எனவே, இதே வரிசைதான் சரி. பைத்தானை அடுக்கச் சொன்னால் பனிமலர், பழனியம்மாள், பவுனம்மாள் என்று அப்படியே தலைகீழாக்கித் தரும்! யூனிகோட் பட்டியலில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தே வைக்கப்பட்டிருப்பதும், 'ள'வுக்குப் பின்னால் 'ழ', அதன் பின்னால் 'வ' என்று இருப்பதும்தான் காரணம்.

இதற்கெல்லாம் தமிழர்களே மருந்து செய்து வைத்திருக்கிறார்கள். 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகம் அது. முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்களும் சேர்ந்து உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்து, கள்ளக்குறிச்சிக்கு எட்டு என்று சரியாகச் சொல்லும். தமிழ் அகர வரிசைப்படி அடுக்கும். எண்ணைக் கொடுத்தால் லட்சம், கோடி என்று தமிழ்ச் சொற்களில் எழுதித் தரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வசதியும் உண்டு. யூனிகோடுக்கு முன்னால் தட்டச்சு செய்த கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதே, அதற்கு இதுதான் வைத்தியம்.

கடைசியாக, எக்செல். பைத்தானில் தமிழ்ப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எழுதி எக்செலில் திறந்தால், சில நேரம் புரியாத குறிகள் வரும். கோப்பை எழுதும்போது 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் எக்செல் தமிழை அடையாளம் கண்டுகொள்ளும். படிக்கும்போதும் என்கோடிங்கைச் சொல்லாமல் விடாதீர்கள். லினக்ஸில் சரியாக ஓடிய நிரல், விண்டோஸில் தகராறு செய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இவையெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். கல்வராயன் மலையில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, மதிப்பெண் பட்டியல் என ஒவ்வொன்றிலும் பெயர் ஒன்றுபோல இருந்தால்தான் கல்வி உதவித்தொகை கைக்கு வரும். திரையில் பெயர் பொருந்தவில்லை என்றால் மறுபடி மலையேறி இறங்க வேண்டும்; ஒருநாள் கூலியும் போகும். எழுத்துப்பிழையா, கணினிக்குள் ஒளிந்திருக்கும் குறி வேறுபாடா என்று பிரித்துச் சொல்ல, நிரலும் தெரிந்து தமிழும் தெரிந்து ஊரும் தெரிந்த ஆள் வேண்டும். பெங்களூரு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொரடிப்பட்டு என்றொரு ஊர் இருப்பது தெரிய வாய்ப்பு குறைவு. அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும்.

வேலைக்கொரு தனி அறை

கொஞ்சம் முன்னேறிய பிறகு இரண்டு பழக்கங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, 'வென்வ்'. ஒரு வேலைக்கு ஒரு நூலகத்தின் பழைய பதிப்பு வேண்டியிருக்கும், இன்னொன்றுக்குப் புதியது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும். வென்வ் ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை கட்டித் தருகிறது. நெல் மூட்டையையும் உர மூட்டையையும் ஒரே அறையில் அடுக்க மாட்டோம் அல்லவா? அந்த அறையில் என்னென்ன நூலகம் இருக்கிறது என்ற பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், வேறு கணினியில் அதேபோல இன்னொரு அறையைக் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, 'கிட்'. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய கருவி. 'கணக்கு1', 'கணக்கு_புதுசு', 'கணக்கு_கடைசி' என்று பத்துக் கோப்புகள் வைத்துக் குழம்புகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினோம் என்பதை எல்லாம் வரிசையாக நினைவில் வைத்திருக்கும். நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லையா? நேற்றைய நிலைக்கே திரும்பிப் போகலாம். கிட் வேலை செய்வதற்கும் நெட் வேண்டாம். சிக்னல் கிடைக்கும் நாளில் மொத்தமாக இணையத்தில் ஏற்றிக்கொள்ளலாம். வேலை தேடிப் போகும்போது, சான்றிதழோடு சேர்த்து 'இதெல்லாம் நான் செய்தவை' என்று காட்ட இது உதவும்.

யாரிடம் கேட்பது?

தனியாகக் கற்பவர்கள் பாதியில் விடுவதற்குப் பெரிய காரணம், சந்தேகம் கேட்க ஆளில்லாததுதான். பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத்தரும் தன்னார்வலர்கள் அவர்கள். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது எப்படி என்று கேட்க இப்படிப்பட்ட குழுக்களைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் 'கணியம்' இருக்கிறது. 2012 முதல் கட்டற்ற மென்பொருள்கள் குறித்துத் தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிட்டுவருகிறது. இலவசமாக இறக்கலாம், நண்பர்களுக்கும் தரலாம். பென் டிரைவில் ஏற்ற வேண்டிய பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் தம்பி தங்கைகள் இருந்தால் 'எழில்' என்ற மொழியை அறிமுகப்படுத்துங்கள். 'பதிப்பி', 'நிரல்பாகம்', 'முடி' என்று கட்டளைகள் எல்லாமே தமிழில் இருக்கும் கணினி மொழி. ஓப்பன் தமிழில் பெயர் வந்த அதே முத்து அண்ணாமலை உருவாக்கியது. எழிலை இயக்குவதும் பைத்தானில் எழுதப்பட்ட நிரல்தான் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'மூன்று மாதத்தில் பைத்தான், ஆறு மாதத்தில் வேலை' என்று விளம்பரம் பார்த்துக் கடன் வாங்கிப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் காசு தேவையில்லை. பைத்தான் மட்டும் தெரிந்தால் வேலை தானாக வந்துவிடாது. ஒரு பிரச்னையை எடுத்து, அதைத் தீர்க்கும் நிரலை எழுதி, சரிபார்த்துக் காட்டத் தெரிந்தவருக்கே மதிப்பு. முதலில் மூன்று மாதம் வீட்டிலேயே முயன்று பார்க்கச் சொல்லுங்கள். ஆர்வம் நிலைத்தால் அதன் பிறகு பயிற்சி நிலையம் பற்றி யோசிக்கலாம்.

மாணவர்களுக்கும் ஒன்று. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா? வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். அம்மாவின் மகளிர் குழுச் சேமிப்பு நோட்டு, அப்பாவின் கிழங்கு லோடு, பால் சொசைட்டிக் கணக்கு, ஊர்த் திருவிழா வரிப் பட்டியல். இதில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வரியில் ஒரு நிரல் எழுதுங்கள். அது சொல்லும் விடையை நோட்டில் உள்ள கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், தவறு நிரலிலா நோட்டிலா என்று தேட உட்காருவீர்கள் அல்லவா? அந்த அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வது, எந்தத் தேர்வு முடிந்தாலும் மறக்காது.